சட்டம் இயற்றுவோர் பிள்ளைகளும் பள்ளி உதவிப் பணமும்

பந்தி பரிமாறுகிறவன் தன்னவனானால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால்தான் என்ன என்று நம் ஊர்ப் பக்கங்களில் ஒரு வழக்கு உண்டு. விருந்து வீட்டில் இது வேடிக்கைப் பேச்சாகப் போய்விடும். பொதுப்பணத்தைப் பங்கிட்டு வழங்கும் சட்டசபையில் இந்தப் பேச்சே பெரியதொரு கேள்வியாகிவிடுகிறது. பரிமாறுகிறவன் தன் வீட்டாருக்கும் இலை போடலாமா? போடலாம் என்றால் எந்தப் பந்தியில்?

இக்கேள்வி இப்போது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிக்கூடங்களை ஒட்டி எழுந்திருக்கிறது. பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளில் படிக்கவைக்கும் பெற்றோருக்கு மாநில அரசாங்கம் பொதுப்பணத்திலிருந்து உதவித்தொகை தருகிறது. அந்தத் தொகைக்குச் சட்டம் செய்து வாக்களித்த உறுப்பினரின் பிள்ளையும் அதைப் பெறலாமா என்பதே கேள்வி. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் விடை எளிது போலத் தோன்றும். சற்று உள்ளே புகுந்து பார்த்தால் அவ்வளவு எளிதன்று என்பது விளங்கும்.

முதலில் இந்த ஏற்பாடு எப்படித் தோன்றியது என்பதை அறிந்துகொள்வோம். அமெரிக்காவில் பொதுப்பள்ளிகளில் கட்டணம் இல்லை. அவற்றை நடத்துவோர் அந்தந்த வட்டாரத்துப் பள்ளி ஆட்சிக் குழுவினர். செலவில் ஒரு பகுதி வட்டாரச் சொத்து வரியிலிருந்தும், மற்றொரு பகுதி மாநிலக் கருவூலத்திலிருந்தும் வருகிறது. ஒரு குழந்தை எந்தப் பள்ளியில் சேரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் அதன் வீட்டு முகவரியே தீர்மானித்துவிடும். நல்ல பள்ளி இருக்கும் வட்டாரத்தில் வீடு வாங்கப் பணம் உள்ளவனுக்கு நல்ல பள்ளி. இல்லாதவனுக்குக் கிடைத்த பள்ளி. தனியார் பள்ளிக்கு அனுப்பவேண்டுமானால் வரியும் கட்டிப் பள்ளிக் கட்டணமும் தனியே கட்டவேண்டும்.

1955இல் மில்டன் ஃபிரீட்மன் என்னும் பொருளாதார அறிஞர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில், 1976இல், நோபெல் பரிசு பெற்றவர் அவர். கல்விக்குப் பணம் கொடுப்பது வேறு, பள்ளியை நடத்துவது வேறு. அரசாங்கம் முன்னதைச் செய்தால் போதும், பின்னதைத் தானே செய்யவேண்டும் என்பதில்லை என்பது அவருடைய வாதம். பெற்றோர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டால், அவர்கள் விரும்பும் பள்ளியில் அதைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம். இதுவே வவுச்சர் என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் வேறொரு வடிவமும் வந்தது. சீட்டுக்குப் பதிலாகக் குழந்தையின் பேரில் ஒரு கணக்கைத் திறந்து, அதில் அரசாங்கம் பணம் செலுத்தும். அப்பணத்தைக் கொண்டு கட்டணம் கட்டலாம், புத்தகம் வாங்கலாம், தனி ஆசிரியரை அமர்த்திக்கொள்ளலாம்.

கட்டுரையில் பிறந்த இக்கருத்து, நகர் ஒன்றில் நடைமுறைக்கு வர முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1990இல் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் அது தொடங்கியது. அதற்காகச் சட்டசபையில் வாதாடியவர் ஆனெட் பாலி வில்லியம்ஸ் என்னும் நீக்ரோ மரபைச் சேர்ந்த அம்மையார். இன்றைய வழக்கில் கறுப்பின மரபினர் என்கிறோம். அவர் ஜனநாயகக் கட்சியினர். சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் டாமி தாம்சனோ குடியரசுக் கட்சியினர். இரு கட்சிகளும் இந்த ஒரு காரியத்தில் கைகோத்தன. கணவர் துணையின்றி நான்கு மக்களை வளர்த்தவர் வில்லியம்ஸ் அம்மையார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும், பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு உள்ளதைப் போலப் பள்ளியைத் தெரிந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பதே அவர் கேட்டது. ஆகவே வறுமைக் கோட்டு வருமானத்தைப் போல் 1.75 மடங்குக்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு அத்திட்டத்தில் இடமில்லை. முதலாண்டில் சேர்ந்த பிள்ளைகள் முந்நூற்றுச் சொச்சம் பேர், பள்ளிகள் ஏழு, ஒரு பிள்ளைக்குத் தரப்பட்ட தொகை ஏறத்தாழ 2,500 டாலர்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மில்வாக்கித் திட்டத்தின்மீது அந்நாளில் எத்தனையோ குறைகள் சொல்லப்பட்டன, வழக்குகளும் நடந்தன. ஆயினும் உறுப்பினர்களின் பிள்ளைகள் இதைப் பெறலாமா என்னும் கேள்வி அங்கே எழ இடமே இல்லை. வருமான வரம்பு என்னும் ஒரே கதவு அதை அடைத்துவிட்டது. பரிமாறுகிறவர் அந்தப் பந்திக்கு உரியவரே அல்லர். பிறகு வழக்கு ஏது?

கேள்வி பிறந்தது அந்தக் கதவைக் கழற்றியபோதுதான். கிளீவ்லாந்து நகரத்து வவுச்சர் திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானதன்று என்று 2002இல் ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் மாநிலங்கள் ஒவ்வொன்றாக இத்துறையில் இறங்கின. அரிசோனா 2011இல் உடற்குறையும் கற்றல் குறையும் உள்ள குழந்தைகளுக்கென்று கணக்கு முறையைத் தொடங்கியது. பிறகு இன்னும் சில வகையினரைச் சேர்த்தது. எல்லோருக்கும் என்று விரித்தபோது, 2018இல் பொது வாக்கெடுப்பில் மக்கள் அதை மறுத்தார்கள். நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் வேண்டாம் என்றனர். நான்காண்டுகள் கழித்து, 2022இல், சட்டசபை மீண்டும் அதே விரிவை நிறைவேற்றியது. வருமான வரம்பு இல்லை. ஏற்கெனவே பொதுப்பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலர், பள்ளி வயதுள்ள எந்தக் குழந்தைக்கும் உண்டு. விரிவுக்கு முன் பன்னிரண்டாயிரம் அளவில் இருந்த பிள்ளைகள் தொகை, 2025க்குள் எண்பதாயிரத்தைத் தாண்டிற்று. தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் முன்பு பொதுப்பள்ளியில் படித்தவர்களே அல்லர். முன்பே தனியார் பள்ளிக்கோ வீட்டுக் கல்விக்கோ செலவிட்டு வந்த குடும்பங்களுக்கு, அச்செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது என்று பொருள். இன்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வருமானம் பாராமல் எல்லோருக்கும் இவ்வுதவியைத் திறந்துவிட்டிருக்கின்றன.

எல்லோருக்கும் என்றால் அந்தச் சொல்லுக்குள் சட்டம் செய்தவரும் அடங்கிவிடுகிறார். அவர் பிள்ளை தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், அவர் ‘ஆம்’ என்று கை தூக்கிய நாளில் அவர் வீட்டுச் செலவில் ஒரு பெருந்தொகை குறைந்துவிடுகிறது. எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். அரிசோனா சட்டசபை உறுப்பினரின் ஆண்டு ஊதியம் 24,000 டாலர். 1998இல் வாக்காளர் ஒப்புதல் பெற்றது. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் உயரவில்லை. இரு பிள்ளைகள் உள்ள உறுப்பினருக்கு இவ்வுதவியால் வருவது 14,000 டாலர். ஊதியத்தில் பாதிக்கும் மேல்! தம் ஊதியத்தைத் தாமே ஒரு டாலர்கூட உயர்த்திக்கொள்ள முடியாதவர், இந்த வழியாக அதை ஒன்றரை மடங்கு ஆக்கிக்கொள்ளலாம் அன்றோ என்று எதிர்ப்பாளர் கேட்கிறார்கள். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கலாகாது என்னும் பழைய நீதி அவர்கள் பக்கம் இருக்கிறது.

மறுபக்கத்துக் கணக்கையும் பார்க்கவேண்டும். அரிசோனாவில் இரு சபைகளிலும் சேர்த்து உறுப்பினர் தொண்ணூறு பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு பிள்ளைகள் என்றும், அத்தனை பேரும் உதவி பெறுகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டாலும் மொத்தத் தொகை 12,60,000 டாலர்தான். திட்டத்தின் ஆண்டுச் செலவோ எண்பது கோடி டாலருக்கு மேல். ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆகாது. ஆகவே உறுப்பினர்களின் குடும்பங்களை விலக்கினால் கருவூலம் நிறைந்துவிடும் என்று எவரும் சொல்ல முடியாது. இங்கே பேச்சு பணத்தைப் பற்றியதன்று, நம்பிக்கையைப் பற்றியது.

இந்த நம்பிக்கையைக் காக்க அமெரிக்கச் சட்டசபைகளில் விதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் ஒரு பெரிய விலக்கு இருக்கிறது. ஒரு சட்டத்தால் உறுப்பினர் பெறும் நன்மை அவருக்கு மட்டும் உரியதாய் இராமல், ஒரு வகுப்பார் அனைவருக்கும் ஒரேபடியாகக் கிடைப்பதானால், அவர் வாக்களிக்கலாம் என்பதே அவ்விலக்கு. விவசாயியாகிய உறுப்பினர் விவசாய வரியைப் பற்றி வாக்களிக்கலாம்; ஆசிரியர் ஆசிரியர் ஊதியத்தைப் பற்றி வாக்களிக்கலாம். இவ்விலக்கு இல்லாவிட்டால் தன் தொழிலை அறிந்தவன் அதைப் பற்றி வாய் திறக்க முடியாமல் போய்விடும். ஆயின் அவ்வகுப்பு எவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும்? அரிசோனாச் சட்டம் பத்துப் பேர் இருந்தால் போதும் என்கிறது. பத்துப் பேர்! ஒரு கூட்டுக் குடும்பத்துத் திண்ணையில் அமர்ந்துவிடக்கூடிய தொகை. டென்னசி மாநிலத்தில் 13ஆம் விதி என்று ஒன்று உண்டு. இந்த மசோதாவில் தமக்குச் சொந்த நலன் இருக்கக்கூடும் என்றும், எனினும் தம் வாக்கு மனச்சாட்சிக்கும் மக்களுக்கும் மட்டுமே கட்டுப்பட்டது என்றும் உறுப்பினர் அறிவித்துவிட்டு வாக்களிக்கலாம். அறிவிப்பது நல்லதுதான். ஆனால் அந்த நலன் இன்னது, இத்தனை டாலர் என்று சொல்லாமல், இருக்கக்கூடும் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், கேட்கிறவனுக்கு என்ன விளங்கும்?

அப்படியானால் குடும்பங்களை அடியோடு விலக்கிவிடுவதே நேர்வழி அன்றோ என்று கேட்கலாம். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினேன். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நிலையைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் தளர்ந்தது.

அது சிறிய மாநிலம். மக்கள் தொகை பதினான்கு இலட்சம் அளவுதான். ஆனால் அதன் பிரதிநிதி சபையில் உறுப்பினர்கள் நானூறு பேர். 3,500 பேருக்கு ஒரு பிரதிநிதி. நம் நாட்டில் ஓர் ஊராட்சிக்கு உள்ள அளவு. அவர்களுடைய ஊதியம் ஆண்டுக்கு 100 டாலர். 1889இல் வகுத்த அந்த ஊதியம் இன்றளவும் மாறவில்லை. அதைக்கொண்டு எவரும் பிழைக்க முடியாது; கடை வைத்திருப்போர், ஓய்வு பெற்றோர், இல்லத்தரசியர் ஆகியோர் தம் சொந்தப் பொழுதைச் செலவிட்டு வந்து சட்டம் இயற்றுகிறார்கள். அம்மாநிலம் 2021இல் கல்விக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 5,000 டாலர் அளவில் கிடைக்கிறது. உறுப்பினர் ஊதியத்தைப் போல் ஐம்பது மடங்கு!

இந்த எண் இருபுறமும் வெட்டும் கத்தி. நூறு டாலர் ஊதியம் பெறுகிறவருக்கு ஐயாயிரம் டாலர் எத்தகைய ஆசை காட்டும் என்று ஒருவர் கேட்கலாம். நூறு டாலர் ஊதியத்துக்கு வந்து உழைக்கும் தாய் ஒருத்தியிடம், நீ உறுப்பினரானதால் உன் அண்டை வீட்டுக் குழந்தைக்குக் கிடைப்பது உன் குழந்தைக்குக் கிடைக்காது என்று சொல்வது எந்த நியாயம் என்று மற்றொருவர் கேட்கலாம். இரண்டாவது கேள்வியே எனக்கு வலியதாகத் தோன்றுகிறது. விலக்கு வந்தால் செல்வர் கவலைப்படமாட்டார். அவருக்கு ஐயாயிரம் டாலர் ஒரு பொருட்டன்று. பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரவுக்கும் செலவுக்கும் மல்லாடும் பெற்றோர்தாம் தேர்தலில் நிற்கத் தயங்குவர். கடைசியில், பள்ளிகளைப் பற்றிச் சட்டம் செய்யும் சபையில் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாதவர்களே மிகுந்திருப்பார்கள்.

குடும்பம் என்னும் சொல்லும் தொல்லை தருவது. பிள்ளை என்று மட்டும் சொன்னால் பேரப்பிள்ளை தப்பிவிடுகிறான். உறுப்பினர்களுள் பலர் பாட்டன் பாட்டியர். பேரப்பிள்ளையையும் சேர்த்தால், வேறு ஊரில் வேறு வீட்டில் வாழும் மகள், தந்தை தேர்தலில் வென்ற குற்றத்துக்காகத் தன் குழந்தையின் உதவியை இழக்கவேண்டும். அவள் தந்தைக்கு வாக்களித்திராமலும் இருக்கலாம். மேலும், இவ்வுதவி சட்டப்படி குழந்தையின் கல்விக்கு உரியது. பிறருடைய பதவியால் குழந்தையின் உரிமை குறைவது என்பதை எளிதில் ஏற்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கொள்கையும் அமெரிக்க அரசியல் மரபில் ஊறியிருக்கிறது. அரசியல் சட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவராகிய ஜேம்ஸ் மாடிசன், சட்டம் செய்வோரையும் அவர்தம் நண்பர்களையும் கட்டுப்படுத்தாத சட்டம் எதையும் அவர்கள் செய்ய முடியாதிருப்பதே மக்களுக்குப் பாதுகாப்பு என்று எழுதினார். 2010இல் வந்த சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் இக்கொள்கை நேரடியாகவே புகுந்தது. அயோவா செனட்டர் சார்லஸ் கிராஸ்லி முன்வைத்த யோசனையின்படி, காங்கிரஸ் உறுப்பினர்களும் அவர்தம் அலுவலரும் அச்சட்டம் அமைத்த சந்தை வழியாகவே காப்பீடு பெறவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2013இல், அரசாங்கம் வழக்கமாகச் செலுத்தும் பங்குத் தொகையை அவர்களுக்குத் தொடர்ந்து செலுத்தலாம் என்று வேறு ஒரு விதி வந்து அதன் கடுமையைத் தணித்துவிட்டது. சட்டம் செய்வோரைக் கட்டும் கயிற்றுக்கு எங்கேனும் ஒரு தளர்ந்த முடிச்சு இருக்கத்தான் செய்கிறது.

நம் நாட்டிலும் இதே கொள்கை ஒரு நீதிமன்றத்தில் பேசியது. 2015 ஆகஸ்டு 18ஆம் நாள் அலகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்து அரசு ஊழியர், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் முதலியோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப்பள்ளிகளிலேயே சேர்க்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று ஆணையிட்டது. கூரை ஒழுகும் பள்ளியில் அதிகாரியின் மகன் அமர்ந்தால்தான் கூரைக்கு ஓடு வரும் என்பது அதன் உட்கருத்து. அந்த ஆணை ஏட்டளவில் நின்றுவிட்டது. ஆயினும் அலகாபாத்தில் உறுப்பினரின் பிள்ளையை உள்ளே கொண்டுவா என்றார்கள். அமெரிக்காவில் அதே பிள்ளையை வெளியே நிறுத்து என்கிறார்கள். சட்டத்தின் சுமை எங்கே இருக்கிறதோ அங்கே பிள்ளையை அமர்த்தவேண்டும், பயன் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து விலக்கவேண்டும் என்று இரண்டையும் பொருத்திக் காட்டலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே திட்டத்தில் சுமையும் பயனும் கலந்திருக்கும்போது எதைச் செய்வது?

விலக்காமலும், கண்ணை மூடிக்கொள்ளாமலும் இருக்க ஒரு வழி அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. காங்கிரஸ் உறுப்பினர் தம் ஊதியத்தை மாற்றிச் சட்டம் செய்தால், இடையில் ஒரு பொதுத்தேர்தல் நடந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். இருபத்தேழாவது திருத்தம் கூறுவது இது. மாடிசன் 1789இல் முன்மொழிந்த இத்திருத்தம் போதிய மாநிலங்களின் இசைவு பெறாமல் கிடந்தது. 1982இல் ஆஸ்டின் நகரத்து டெக்ஸஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், இதற்கு இன்னும் உயிர் இருக்கிறது, இப்போதும் நிறைவேற்றலாம் என்று வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதினார். அதற்குக் கிடைத்தது ‘சி’ என்னும் மதிப்பெண். அவர் மனம் தளராமல் மாநிலச் சட்டசபைகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1992இல் திருத்தம் நிறைவேறியது. 2017இல் பல்கலைக்கழகம் அந்த மதிப்பெண்ணை ‘ஏ’ என்று திருத்தியது. மாணவ நண்பர்கள் இச்செய்தியைத் தம் ஆசிரியரிடம் சொல்வதாயின் சற்று மெல்லச் சொல்வது நலம்.

அத்திருத்தம் ஊதியத்துக்கு மட்டுமே உரியது. மாநிலச் சட்டசபைகளையும் அது கட்டாது. ஆயினும் அதன் முறையைக் கடன் வாங்கலாம். பள்ளி உதவிச் சட்டத்துக்கு வாக்களித்த உறுப்பினரின் வீட்டுக்கு அவ்வுதவி அடுத்த தேர்தலுக்குப் பிறகே கிடைக்கும் என்று வைத்தால், குழந்தைக்கு நிலையான இழப்பு இல்லை. வாக்காளருக்கும் ஒரு முறை தீர்ப்புச் சொல்ல வாய்ப்பு உண்டு. அத்துடன், உதவி பெறுகிறவர் அதையும் அதன் தொகையையும் வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. அரிசோனாவில் 1997 முதல் மற்றொரு திட்டம் உண்டு. தனியார் பள்ளி உதவிக்கென நன்கொடை தருவோருக்கு மாநில வரியில் அத்தொகை கழிக்கப்படும். நன்கொடையைத் திரட்டி வழங்கும் நிறுவனங்கள் பத்தில் ஒரு பங்கைத் தம் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் செனட் தலைவராகவே உயர்ந்த ஓர் உறுப்பினர், அத்தகைய நிறுவனம் ஒன்றின் நிர்வாகியாக நெடுங்காலம் ஊதியம் பெற்றுக்கொண்டே அத்திட்டத்தை விரிக்கும் மசோதாக்களுக்கு ஆதரவாய் இருந்தார். மாநிலச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. பிள்ளையின் கட்டணத்துக்கு வரும் ஏழாயிரம் டாலருக்கு ஓர் எல்லை உண்டு. பிள்ளை வளர்ந்துவிட்டால் அது நின்றும் போகும். பணம் பாயும் வாய்க்காலின் மடையில் அமர்ந்திருப்பவர் பெறும் பயனுக்கு அத்தகைய எல்லை இல்லை. குடும்பங்களைப் பற்றிய சச்சரவில் இவர்களை மறந்துவிடுகிறோம். முழு விலக்கு வேண்டுமானால் அதை முதலில் இங்கே வைக்கலாம்.

இனி, பணம் அளவாக இருந்து விண்ணப்பிப்போர் மிகுந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் நான் உறுப்பினர் குடும்பங்களுக்குச் சலுகை காட்டமாட்டேன். நியூ ஹாம்ப்ஷயர் 2025 ஜூனில் வருமான வரம்பை நீக்கியது; உடனே பத்தாயிரம் மாணவர் என்று ஓர் உச்சவரம்பும் இட்டது. ஏற்கெனவே உதவி பெறுவோர், அவர்தம் உடன்பிறந்தோர், உடற்குறையுடையோர், குறைந்த வருமானத்தினர் ஆகியோருக்கு முதலிடம். மற்றையோர் எஞ்சிய இடங்களுக்குக் காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் உண்டு என்று சட்டம் சொல்லும் இடத்தில் உறுப்பினரின் குழந்தை ஒருவர் பங்கையும் பறிப்பதில்லை. எண்ணி வைத்த இலைகளில் அது ஒன்றில் அமர்ந்தால், வேறொரு குழந்தை எழுந்து போகவேண்டும்.

வில்லியம்ஸ் அம்மையார் 2014இல் காலமானார். தாம் தொடங்கிவைத்த மில்வாக்கித் திட்டத்தின் வருமான வரம்பு உயர்த்தப்பட்டதை அவர் தம் இறுதிக் காலத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். ஏழைகளுக்கென்று கேட்டது மற்றவர்களுக்கும் போகிறதே என்பது அவர் குறை. அந்த வரம்பை மீண்டும் கொண்டுவர இன்றைய சட்டசபைகளுக்கு மனம் இராது. ஆனால் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கும் மாநிலங்களில், வரிசையின் கடைசியில் ஒரு வகையைச் சேர்ப்பது ஒரே வாக்கியத்தில் முடியும் திருத்தம்: சட்டத்துக்கு வாக்களித்த உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் பதவியில் உள்ளவரை, மற்றெல்லாருக்கும் இடம் கிடைத்த பின் கடைப்பந்தியில் அமர்வார்கள்.